குளிர் அறையில் பஞ்சு

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கும் ஒரு நல்ல பெயர் இருந்தது. சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவள் எலியக்கா. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு நீளக் கூடம். சுவர் நெடுகிலும் அடுக்கடுக்காகக் கூண்டுகள். கூண்டுக்குக் கூண்டு எலி. தீனி போடுவது, தண்ணீர்ப் புட்டி மாற்றுவது, நாறிப்போன மரத்தூளை அள்ளிப் புதிதாகப் பரப்புவது, செத்ததை உறையில் போட்டுக் கட்டுவது எல்லாம் அவள் பாடு. வேலை நிரந்தரமில்லை. வருடா வருடம் நீட்டிப்பார்கள். நீட்டுவதும் நிறுத்துவதும் டாக்டரின் கையில் இருந்தது. அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர்.

டாக்டரின் ஆராய்ச்சி ஒரு நொதியைப் பற்றியது. அதற்கு முழ நீளத்தில் ஒரு பெயர் உண்டு. வாயில் நுழையாது என்பதால் கூடத்தில் எல்லோரும் 'இளக்கி' என்றே சொல்வார்கள். கொழுப்பு அமிலத்தில் வெண்ணெய் மாதிரி இறுகிப்போகிறது ஒரு வகை, எண்ணெய் மாதிரி இளகியே இருப்பது ஒரு வகை. முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்றித் தருவதுதான் இளக்கியின் பிழைப்பு. மாற்றித் தந்தால்தான் உடம்பு அதை ஒழுங்காகச் சேர்த்து வைக்கும். இளக்கி ஓவராக உழைக்கிற உடம்பில் இடுப்பிலும் ஈரலிலும் கொழுப்பு படியும், சர்க்கரை நோயும் பின்னாலேயே வந்து சேரும். அதன் கையைக் கட்டிப்போட்டுவிட்டால்? டாக்டரின் மாத்திரை அதைத்தான் செய்தது. மாத்திரைப் பொடி கலந்த தீனியைத் தின்ற எலிகள், கொழுப்பாக அள்ளி அள்ளிப் போட்டும் துளி சதை வைக்கவில்லை. பக்கத்துக் கூண்டுகளில் பொடி இல்லாமல் அதே தீனியைத் தின்றவை உருண்டு திரண்டு, தண்ணீர்ப் புட்டி வரைக்கும் நடக்கச் சோம்பிக் கிடந்தன.

எலியக்கா இந்த அதிசயத்தைத் தங்கையிடம் போய்ப் பெருமையடித்தாள். அதுதான் வினை.

ஆனால் உடம்பு ஒன்றும் மடத்தனமாக இளக்கியை வைத்துக்கொண்டிருக்கவில்லை. தொப்பை போடுவது அதன் வேலைகளில் ஒன்றுதான். தோலுக்கு எண்ணெய்ப் பசை கொடுப்பது, கண்ணை வறளவிடாமல் காப்பது, குளிரில் உடம்புச் சூட்டைப் பிடித்து வைப்பது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. மெலிந்த எலிகளுக்கு முடி கொட்டியது. கண் இடுங்கி, எப்போதும் அழுதுவிட்டு வந்த மாதிரி பார்த்தன. டாக்டர் அதைத் துடைத்துப் போட்டார். கண்ணுக்குச் சொட்டு மருந்து, தோலுக்குக் களிம்பு, தீர்ந்தது. குளிரை மட்டும் அப்படித் துடைத்துப் போட முடியவில்லை. குளிர்ச் சோதனையில் தேறாமல் மாத்திரையை மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி கிடைக்காது.

சோதனை எளிமையானது. கூண்டுக்கு ஒரே எலி. மரத்தூள் கிடையாது, பஞ்சு கிடையாது, ஒட்டிப் படுக்கத் துணை கிடையாது. காலையில் குளிர் அறைக்குள் வைத்தால் மாலையில் டாக்டர் வந்து உடம்புச் சூடு பார்ப்பார். முதல் தடவை மாலையில் அவர் கதவைத் திறந்தபோது சூடு பார்க்க எதுவும் மிச்சமில்லை. பொடி தின்ற எலிகள் மொத்தமும் செத்திருந்தன. நடுங்கின மாதிரியே தெரியவில்லை. ஒவ்வொன்றும் ஒரு மூலையில் மூக்கை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு, தூங்குவது போல் பந்தாகச் சுருண்டிருந்தது. பொடி தின்னாத குண்டு எலிகள் மட்டும் கம்பியைக் கடித்துக்கொண்டு எகத்தாளமாகப் பார்த்தன.

டாக்டர் எலிகளைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"நீ சரியாப் பாத்துக்கலை," என்றார். "நேத்து தீனி ஒழுங்காப் போட்டிருக்க மாட்டே. பட்டினியோட உள்ள வெச்சா சாகாம என்ன செய்யும்?"

"வயிறு முட்டப் போட்டேன் சார்."

"எதிர்த்துப் பேசாதே. அடுத்த தொகுதி போடுறோம். அதுவும் இப்படி ஆச்சுன்னா, அடுத்த வருஷம் உன்னை இங்க நான் பாக்க மாட்டேன்."

அடுத்த தொகுதியை அவள் குளிர் அறைக்குள் வைத்தாள். டாக்டர் மாடிக்குப் போனார். கதவின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றாள். ஓர் எலி மூலைக்குப் போனது. இன்னொன்றும் மூக்கை மடக்கியது. அலமாரியைத் திறந்து, குட்டி போடுகிற எலிகளுக்கு வைக்கிற பஞ்சைப் பிய்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கூண்டுக்கு ஒரு கை. எலிகள் அதை வாயால் இழுத்து, சிக்கெடுத்து, தங்களைச் சுற்றி மூடிக்கொண்டன. டாக்டர் வருவதற்கு முன் பஞ்சையெல்லாம் திரும்ப எடுத்துக் குப்பைப் பையின் அடியில் திணித்தாள். இரக்கம் பாதி, பயம் பாதி. எது முதலில் வந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

டாக்டர் வந்து சூடு பார்த்தார். எல்லாம் உயிரோடு இருந்தன, சூடும் குறையவில்லை. முதல் தொகுதி செத்து இரண்டாம் தொகுதி ஏன் பிழைத்தது என்று பள்ளிக்கூடப் பையன்கூடக் கேட்பான். டாக்டர் கேட்கவில்லை. வேண்டாததைக் கேட்காமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர். முதல் தொகுதி தீனிக் கோளாறில் செத்ததாக ஆனது. குளிரால் ஆபத்தில்லை என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி வந்தது.

எலியக்காவுக்கு ஒரு தங்கை. அம்மா போன பிறகு தூக்கி வளர்த்தது இவள்தான். அதனால் வயது ஏறியும் இவளுக்கு அவள் 'குட்டி'தான். குட்டி பூரிப்பான உடம்புக்காரி. சின்ன வயதில் கன்னத்தைக் கிள்ளாதவர்கள் இல்லை. கட்டிக்கொண்டவன் கிள்ளவில்லை, குத்தினான், வார்த்தையால். அவன் ஒரு மீன் குளிர்க்கிடங்கில் மேஸ்திரி. குட்டிக்கும் அங்கேயே மீன் பெட்டி அடைக்கிற வேலை. வீட்டில் அவளை 'மூட்டை' என்று கூப்பிட்டுப் பழகியவன், கிடங்கிலும் அப்படியே கூப்பிட்டான். ஒரு நாள் பெட்டிகளை நிறுக்கிற எடைமேடையில், எல்லார் முன்னாலும் அவளைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

"பாத்துக்குங்கடா, இந்தப் பெட்டிக்குக் கூலி தனி!" என்று கத்தினான். கிடங்கே சிரித்தது. குட்டியும் சிரித்தாள். சிரிக்காமல் இறங்கினால் இன்னும் கேவலம்.

அன்று மாலை அக்காவிடம் வந்து அழுதாள்.

"இப்படியே இருந்தா வேற ஒருத்தியப் பாத்துக்குவேன்னு சொல்றாருக்கா. சும்மா மிரட்டலைக்கா. பாத்தே வெச்சிருக்காரு."

"அவன் மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் கேடு. விட்டுட்டு இங்க வந்துரு."

"வந்து? உன்னை மாதிரி எலியோட குடும்பம் நடத்தவா?" என்று கேட்டுவிட்டு, உடனே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மாத்திரைக்கு ஆள் எடுக்கிறாங்களாமே. நீதானே சொன்னே, எவ்வளவு தின்னாலும் ஒடம்பு ஏறாதுன்னு. என் பேரைக் குடுத்துட்டேன்கா."

எலியக்காவின் கண் முன்னால் மூலையில் சுருண்ட எலி வந்து நின்றது. குளிர்க்கிடங்கு. நாள் முழுக்கப் பனிக்கட்டியில் கை.

"வேண்டாம் குட்டி."

"ஏன்?"

ஏன் என்பதற்கு ஒரே பதில்தான் இருந்தது. நான் பஞ்சு வைத்தேன். மூன்றே சொல், வாயைத் தாண்டவில்லை. சொன்னால் குட்டி நிறுத்துவாளோ என்னவோ, பயத்தில் யாரிடமாவது உளறுவாள், அது டாக்டர் காதுக்குப் போகும், வேலை போகும்.

"வேண்டாம்னா வேண்டாம். ஒடம்புக்கு ஆகாது."

"எலிக்கு ஆச்சே?"

"எலி வேற, நீ வேற."

குட்டி அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். அக்கா ஒல்லி. எலும்புக்கு மேல் தோல், அதற்கு மேல் சட்டை. ஒருத்தனும் வந்து கேட்காமல் காலம் ஓடிப்போனது. குட்டிக்கு அந்த நேரத்தில் புத்தி எங்கே போனதோ, வளர்த்தவளின் நெஞ்சில் எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்து குத்தினாள்.

"எனக்குப் புரியுதுக்கா. நான் மெலிஞ்சு, அவரோட நல்லபடியா வாழ்ந்துட்டா உனக்குத் துணைக்கு ஆள் இருக்காதுல்ல. நானும் உன்னை மாதிரி ஒத்தையா கெடந்தாத்தான் உனக்குத் தூக்கம் வரும்."

எலியக்காவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் ஆனது. சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினாள். "உன் இஷ்டம்," என்றாள். சொன்ன அந்த இரண்டு வார்த்தையைத் திரும்ப அவள் வாய்க்குள் போட இனி எந்தச் சாமியாலும் ஆகாது.

மறுநாளே மனசு கேட்கவில்லை. எதுவானாலும் ஆகட்டும் என்று மாடி ஏறி டாக்டர் அறைக்குப் போனாள். டாக்டர் அன்றைக்கு யாரோ செய்த புண்ணியத்தில் சிரித்த முகமாக இருந்தார். அவளை உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்ததில்லை.

"சார், அந்தக் குளிர் சோதனையில..."

"அதைத்தான் நானும் நெனச்சேன். நீ மட்டும் நல்லாப் பாத்துக்கலைன்னா இந்த மாத்திரை வெளியவே போயிருக்காது. மேல பேசிட்டேன். உன் வேலையை நிரந்தரம் பண்றாங்க."

எலியக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நிரந்தரம் என்றால் வயதான காலத்தில் ஒருத்தர் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். அவள் தலை தானாகவே ஆடியது. "என்னமோ சொல்ல வந்தியே?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணுமில்ல சார், பஞ்சு தீந்துபோச்சு," என்றாள். "வாங்கிக்க, அதுக்கெல்லாமா என்னைக் கேப்பாங்க," என்று அவர் சிரித்தார்.

படி இறங்கும்போது மனசுக்குச் சமாதானம் தேடிக்கொண்டாள். எலி அம்மணமாகக் கிடந்தது. மனுஷிக்குக் கோட்டு இருக்கிறது, காலுறை இருக்கிறது, வாய் இருக்கிறது, குளிருது என்று சொல்லுவாள். சம்பளம் வந்ததும் கடையில் இருப்பதிலேயே தடிமனான கம்பளிக் கோட்டை வாங்கிக்கொண்டு போய்த் தங்கையிடம் கொடுத்தாள். எலிக்குப் பஞ்சு, தங்கைக்குக் கம்பளி. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

"கெடங்குல இதைக் கழட்டவே கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

"சரிக்கா, சரிக்கா," என்றாள் குட்டி. கோபமெல்லாம் போயிருந்தது. சமாதானத்துக்கு வந்த சீர் என்று நினைத்துக்கொண்டாள்.

மாத்திரை கொடுக்கிற இடம் ஆராய்ச்சிக்கூடத்தின் முன் அறை. வேலைக்குப் போகிறவர்கள் வரட்டும் என்று மாலையில்தான் கொடுப்பார்கள். இரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார்கள். குளிர்ச் சோதனைதான் பழுதில்லாமல் முடிந்துவிட்டதே! எங்கே வேலை பார்க்கிறாய் என்று குட்டியை ஒருவரும் கேட்கவில்லை.

மாத்திரை சொன்னதைச் செய்தது. மோவாய்க்குக் கீழே தொங்கியது முதலில் போனது, பிறகு இடுப்பு இறங்கியது. கழுத்தெலும்பு என்று ஒன்று தனக்கு இருப்பதையே குட்டி கண்ணாடியில் முதல் முறையாகப் பார்த்தாள். கண் எரிகிறது என்று கசக்கிக்கொண்டே இருந்தாள். தலைமுடி சீப்போடு வந்தது. தோல் வறண்டு உதிர்ந்தது. அதையெல்லாம் அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மேஸ்திரி வீட்டுக்கு நேரத்தோடு வர ஆரம்பித்துவிட்டான் அல்லவா?

"எப்பப் பாரு குளிருதுக்கா," என்று ஒரு தடவை சொன்னாள். "வெயில்ல நின்னாலும் குளிருது. ஒடம்புல கொழுப்பு இல்லைல்ல, அதான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எலியக்கா மறுபடி விழுங்கினாள். "கோட்டைப் போடுறேல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

போட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் வரைக்கும்.

அன்று மேஸ்திரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. பொண்டாட்டி இளைத்ததைக் கிடங்கு முழுக்கப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவளைக் கேலி செய்ய ஏற்றிய அதே எடைமேடைக்குக் கூட்டிப் போனான். பெருமையும் கேலியும் அவனிடம் ஒரே குரலில்தான் வரும்.

"கோட்டைக் கழட்டிட்டு ஏறு. அந்தச் சாக்குல பழையபடி மூட்டை மாதிரிதான் இருக்கே."

"அக்கா கழட்டக் கூடாதுன்னு..."

"உங்க அக்காவுக்கு என்ன தெரியும்? ஏறுடி."

குட்டி கழற்றினாள். கோட்டு, பெட்டி தள்ளுகிற வண்டியின் மேல் கிடந்தது. மேடையில் ஏறினாள். முள் பாதியிலேயே நின்றது. பெட்டி அடைக்கிற பெண்கள் கை தட்டினார்கள். "யாருடா இது, புதுசா வேலைக்கு வந்த பொண்ணா?" என்று மேஸ்திரி கேட்டான். குட்டிக்கு வெட்கத்தில் முகம் மலர்ந்தது. அந்த நிமிஷம் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதை இல்லை என்று சொல்லக் கூடாது.

அதற்குள் வாசலில் லாரி வந்து ஹாரன் அடித்தது. "ஓடு, உள் அறையில எறால் பெட்டிக்குச் சீட்டு ஒட்டலை. ஒட்டிட்டு வா, சீக்கிரம்," என்று அவன் அவசரப்படுத்தினான். கோட்டு வண்டியிலேயே கிடந்தது. சின்ன வேலைதானே என்று அவள் அப்படியே அந்த உறைகுளிர் அறைக்குள் போனாள். மற்றவர்களும் சட்டையோடு ஓடிப் போய் ஓடி வருவது அங்கே வழக்கம்தான். லாரிக்காரனோடு மேஸ்திரிக்கு வாய்த் தகராறு, ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. அது முடிந்து, பெட்டி வரவில்லையே என்று கதவைத் திறந்தவன் திட்டிக்கொண்டேதான் உள்ளே போனான்.

கதவு உள்ளே இருந்து திறக்கிற கதவு. அவள் அதன் பக்கம் வந்ததாகவே தெரியவில்லை. மூலையில் ஒரு பெட்டியின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூக்கை மடிக்குள் செருகி, சுருண்டு உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து அவன் ஓர் அதட்டுப் போட்டான்.

பிணத்தைப் பார்த்தபோது எலியக்கா அழவில்லை. எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று மட்டும் கேட்டாள். மேஸ்திரி காட்டினான். அப்போதுதான் அவள் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "அந்தக் கோட்டைப் போட்டிருந்தா பொழைச்சிருப்பா," என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். கழற்றச் சொன்னது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டான்.

டாக்டர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை; அவளாகவே உட்கார்ந்தாள்.

"நான் பஞ்சு வெச்சேன் சார்," என்றாள். "குளிர் அறையில. நீங்க போனதும் வெச்சு, வர்றதுக்குள்ள எடுத்தேன். இல்லாட்டி எல்லாம் செத்திருக்கும்."

டாக்டர் வெகுநேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவர் அதிர்ந்துபோனதாகத் தெரியவில்லை.

"இதை வேற யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லலை. சொல்லியிருந்தா அவ இருந்திருப்பா."

"சொன்னா உன் வேலையும் போகும், ஜெயிலுக்கும் போவே. போனவ திரும்பி வருவாளா? அது கெடங்குல நடந்த விபத்து. அப்படித்தான் எழுதியிருக்காங்க." எழுந்து வந்து அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். "மேல இருந்து குளிர் சோதனையை இன்னொரு தடவை செய்யச் சொல்றாங்க. நாளைக்கு வெச்சிடலாம். போன தடவை மாதிரியே நல்லாப் பாத்துக்க."

மறுநாள் காலையில் அவள் கூண்டுகளைக் குளிர் அறைக்குள் வைத்தாள். யாரோ புதுப் பஞ்சுக் கட்டு ஒன்றைப் பிரித்து அவள் மேஜை மேல் வைத்திருந்தார்கள். அதை எடுத்து அலமாரிக்குள் போட்டுப் பூட்டினாள். பிறகு தங்கையின் கோட்டைப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். எலிகள் அவள் கையைப் பார்த்தன. பஞ்சு தருகிற கை அது. ஒன்று கம்பியில் ஏறி நின்று அவள் விரலை முகர்ந்தது. அவள் விரலை இழுத்துக்கொண்டாள். "மன்னிச்சிருடா," என்றாள். அது மெதுவாக இறங்கி மூலைக்குப் போனது. ஒவ்வொன்றாக மூக்கை மடக்கியதை எல்லாம் அவள் முழுசாகப் பார்த்தாள். அன்றைக்குக் கண்ணாடி வழியே பார்க்கப் பொறுக்காதவள், இன்று இமை கொட்டவில்லை.

மாலையில் டாக்டர் கதவைத் திறந்தார். கூண்டுகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நீ சரியாப் பாத்துக்கலை," என்றார். "உறையில போட்டுக் கட்டு. அடுத்த தொகுதி வைக்கலாம்."

அவள் உறையில் போடவில்லை. தீனித் தட்டு ஒன்றை எடுத்தாள். செத்தவற்றை வரிசையாக அதில் அடுக்கினாள். டாக்டர் கூப்பிடக் கூப்பிடப் படி ஏறி, நேராக முன் அறைக்குப் போனாள். மாத்திரைக்காக வந்தவர்கள் சுவரோரம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். தட்டை நடு மேஜையில் வைத்தாள். ஒருத்தி "சீ, என்ன கண்றாவி இது!" என்று காலைத் தூக்கிக்கொண்டாள்.

"இதெல்லாம் உங்க மாத்திரையைத் தின்ன எலிங்க," என்றாள் எலியக்கா. குரல் கரகரத்தது. "குளிர் தாங்காம செத்திருச்சு. என் தங்கச்சியும் இதே நாற்காலியில உக்காந்து இதே மாத்திரையைத்தான் தின்னா. அவளும் போய்ட்டா. பொய் சொல்லிக் குடுக்கிறாங்க. நானும் அந்தப் பொய்யில பங்காளி. எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க."

பின்னால் காவலாளியின் பூட்ஸ் சத்தம் கேட்டது. மூலையில் பருத்த உடம்போடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்; கைப்பையால் வயிற்றை மறைத்திருந்தாள். அவள் தட்டைப் பார்த்தாள், எலியக்காவைப் பார்த்தாள், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பது போல் தணிந்த குரலில் கேட்டாள்:

"உங்க தங்கச்சி... மெலிஞ்சாங்களா?"

இவ்வளவு பொய்க்குப் பிறகு எலியக்காவுக்கு இன்னொரு பொய் சொல்ல நா எழவில்லை.

"மெலிஞ்சா," என்றாள்.

காவலாளி அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான். வாசலில் அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நாற்காலியை விட்டு ஒருவரும் எழுந்திருக்கவில்லை.